இதய அழற்சி நோயாளிகள்: வார்டில் கடிகாரம் பார்க்க வேண்டிய இடங்கள்

மாரடைப்பு என்று ஒருவர் வந்தால் வார்டே ஓடி வரும். இதய அழற்சி நோயாளிக்கு அப்படி யாரும் ஓடுவதில்லை. பெரும்பாலும் இளவயது, முகத்தில் தெளிவு இருக்கும், காய்ச்சலும் நெஞ்சுவலியும்தானே என்று கடைசிக் கட்டிலில் படுக்க வைத்துவிடுவார்கள். ஆனால் அதிகக் கவனம் தேவைப்படுவது இவர்களுக்குத்தான். மருந்து எது, எத்தனை வாரம் என்பதெல்லாம் கிட்டத்தட்ட முடிவான விஷயம். ஆன்டிபயாடிக் போட்ட பிறகு எடுத்த பிளட் கல்ச்சர் (ரத்தத்தில் கிருமி இருக்கிறதா என்று வளர்த்துப் பார்க்கும் சோதனை), இரண்டு மணி நேரம் தள்ளிப்போன இரவு டோஸ், அளந்து பார்க்காமல் விட்ட பிரஷர், ருமாட்டிக் இதய நோயாளிக்கு மறந்துபோன 21-ஆம் நாள் பெனிசிலின் ஊசி, இவைதான் நோயாளியைக் கவிழ்க்கின்றன. நான்குமே நர்ஸின் கையில் இருப்பவை. குமரி மாவட்டத்தில் ஆசாரிப்பள்ளத்திலோ நெய்யூரிலோ மார்த்தாண்டத்திலோ புதிதாக டியூட்டியில் சேர்ந்திருக்கும் பிள்ளைகளை மனதில் வைத்துத்தான் இதை எழுதுகிறோம்.

முதலில் எண்டோகார்டைட்டிஸ். வால்வின் மேல் கிருமி குடியேறி வளரும் நோய் இது. ஏற்கெனவே ருமாட்டிக் காய்ச்சலால் (தொண்டைத் தொற்றுக்குப் பிறகு வந்து இதயத்தைத் தாக்கும் காய்ச்சல்) கெட்ட வால்வு, செயற்கை வால்வு, பிறவியிலேயே ஓட்டை உள்ள இதயம் ஆகியவற்றில் எளிதாக வரும். நம் பக்கத்தில் இந்த நோயாளி நேராக வார்டுக்கு வருவது அபூர்வம். பத்து நாள் காய்ச்சலுக்கு ஏதாவது மெடிக்கல் ஷாப்பில் மாத்திரை, பிறகு பக்கத்துக் கிளினிக்கில் இரண்டு ஊசி என்று சுற்றிவிட்டுத்தான் வருவார். அதனால் கூட நிற்பவரிடம் முதலில் கேட்க வேண்டியது, “என்ன மாத்திரை கொடுத்தாவ? கடைசியா எப்போ கொடுத்தாவ?” என்பதுதான். அட்டையை வாங்கிப் பாருங்கள். மருந்தின் பெயரையும் கடைசி டோஸ் நேரத்தையும் லேப் படிவத்திலேயே எழுதுங்கள். கிருமி வளரவில்லை என்று ரிப்போர்ட் வரும்போது, அது உண்மையிலேயே இல்லையா, மருந்தால் அமுங்கிக் கிடக்கிறதா என்று டாக்டர் முடிவு செய்ய அந்த ஒரு வரி வேண்டும்.

கல்ச்சர் எடுப்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் கெடுவது இங்கேதான். மூன்று செட் வேண்டும்; ஒரு செட் என்றால் ஏரோபிக் (காற்றில் வளரும் கிருமிக்கு), அனேரோபிக் (காற்றில்லாமல் வளரும் கிருமிக்கு) என்று இரண்டு பாட்டில். மூன்றும் வெவ்வேறு இடத்தில் புதிதாகக் குத்தி எடுத்ததாக இருக்க வேண்டும், இடையில் அரைமணி நேரமாவது விடுங்கள். ஏற்கெனவே போட்டிருக்கும் கேனுலாவிலிருந்து எடுக்கவே கூடாது. குளிர் நடுக்கம் வரட்டும் என்று காத்திருக்கிற பழக்கம் இன்னும் போகவில்லை. இந்த நோயில் கிருமி வால்விலிருந்து இடைவிடாமல் ரத்தத்தில் இறங்கிக்கொண்டே இருக்கிறது, காய்ச்சல் ஏறினாலும் இறங்கினாலும் கல்ச்சர் எடுக்கலாம். தோலை 2 சதவீதக் குளோர்ஹெக்சிடின் கலந்த ஸ்பிரிட்டால் 30 விநாடி தேய்த்து, தானாகக் காயும் வரை விடுங்கள். ஊதிக் காயவைக்கக் கூடாது. காய்ந்த பிறகு நரம்பை மறுபடி விரலால் தடவிப் பார்த்தால் சுத்தம் செய்தது வீண். பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றியதும் ரப்பரையும் ஸ்பிரிட் பஞ்சால் துடைக்க வேண்டும், மூடி இருந்ததால் அது சுத்தம் என்று அர்த்தமில்லை.

பெரியவர்களுக்கு ஒரு பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம். இந்த அளவுதான் எல்லாவற்றிலும் முக்கியம். மூன்று மில்லி விட்டு அனுப்பினால் இருக்கிற கிருமியும் மாட்டாமல் போகும். ரத்தம் குறைவாகத்தான் கிடைத்தது என்றால் ஏரோபிக் பாட்டிலை முதலில் நிரப்புங்கள். ஒவ்வொரு பாட்டிலிலும் எந்தக் கை, எத்தனை மணி என்று எழுத வேண்டும், லேபிளை பார்கோடின் மேல் ஒட்டிவிடாதீர்கள். இரவில் லேப் மூடியிருக்கிறதே என்று பாட்டிலை ஃபிரிட்ஜில் வைப்பது பெரிய தப்பு. அறை வெப்பத்தில் வைத்து, முடிந்த வேகத்தில் அனுப்ப வேண்டும். மூன்று செட்டில் ஒரே ஒரு பாட்டிலில் மட்டும் தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டெஃபிலோகாக்கஸ் வளர்ந்தால், நோயா அழுக்கா என்ற குழப்பம் வரும். அந்தக் குழப்பத்தின் விலை நோயாளிக்கு வேண்டாத வான்கோமைசின்.

மூன்றாவது செட் எடுத்த கையோடு முதல் டோஸ். அதற்குப் பிறகு நான்கு முதல் ஆறு வாரம் நரம்பு வழி மருந்து. கிருமி வளர்ந்து வால்வில் கட்டியாக ஒட்டியிருக்கும், அந்தக் கட்டிக்குள் ரத்த ஓட்டம் கிடையாது, வெள்ளணுக்களும் உள்ளே போக முடியாது. மருந்து மட்டும்தான் ஊடுருவ வேண்டும், அதனால்தான் இத்தனை நாள். பெனிசிலின் ரத்தத்தில் தங்கும் நேரம் மிகக் குறைவு. நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை என்று எழுதியிருந்தால் இரவு 2 மணி டோஸும் 2 மணிக்கே போக வேண்டும். ‘நோயாளி தூங்குகிறார், காலையில் சேர்த்துப் போட்டுக்கொள்ளலாம்’ என்பதற்கு இந்த நோயில் இடமே இல்லை. ஜென்டாமைசினும் சேர்ந்து எழுதியிருந்தால் இரண்டையும் ஒரே சிரிஞ்சிலோ ஒரே பாட்டிலிலோ கலக்காதீர்கள், ஒன்று முடிந்ததும் சலைன் விட்டுக் கழுவி மற்றது. ஜென்டாமைசின் ஓடும் நாட்களில் சிறுநீர் அளவும், சிறுநீரகம் கெடுகிறதா என்று காட்டும் கிரியேட்டினினும் பார்க்க வேண்டும், காதில் இரைச்சல் இருக்கிறதா, நடக்கும்போது தள்ளுகிறதா என்று கேட்க வேண்டும். வான்கோமைசின் ஒரு கிராம் என்றால் குறைந்தது 200 மில்லியில் கலந்து, ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் ஓட்ட வேண்டும். வேகமாக ஓடினால் முகமும் கழுத்தும் சிவந்து அரிக்கும், பிரஷர் இறங்கும். செஃப்ட்ரையாக்சோனை ரிங்கர் லாக்டேட்டோடு ஓடவிடக் கூடாது, அதிலுள்ள கால்சியத்தோடு சேர்ந்து படியும்.

ஆறு வாரத்தில் நரம்பெல்லாம் தீர்ந்துபோகும். முதல் நாளே முழங்கை மடிப்பில் பெரிய கேனுலா போட்டுவிட்டால் பிறகு போட இடமிருக்காது. புறங்கையில் ஆரம்பித்து மேலே வாருங்கள். உள்ளே தெரிகிற டிரெஸ்ஸிங் ஒட்டி, ஒவ்வொரு ஷிப்டிலும் சிவப்பு, வீக்கம், கயிறு மாதிரி நரம்பு தடித்திருப்பது ஆகியவற்றைப் பாருங்கள். நன்றாக இருந்தவருக்கு மூன்றாம் வாரத்தில் புதிதாகக் காய்ச்சல் என்றால் கேனுலா இடத்தை முதலில் சந்தேகப்பட வேண்டும். பிறகு மருந்தாலேயே வரும் காய்ச்சல், வால்வின் அடியில் சீழ் என்று யோசனை போகும்.

அந்தச் சீழைக் காட்டிக்கொடுப்பது தினசரி இசிஜி. முக்கியமாக அயோர்ட்டிக் வால்வு நோயாளிக்கு, தினமும் ஒரே லீடில் பிஆர் இடைவெளியை (மின்துடிப்பு இதயத்தின் மேலறையிலிருந்து கீழறைக்குப் போக எடுக்கும் நேரம்) அளந்து கேஸ் ஷீட்டில் எண்ணாகவே எழுதுங்கள். ஐந்து சின்னக் கட்டம், அதாவது 0.20 விநாடி, வரைதான் இயல்பு. நேற்று நான்கு, இன்று ஐந்தரை என்றால் காலை ரவுண்ட்ஸ் வரை காத்திருக்க வேண்டாம், சீழ் மின்பாதையைத் தொட்டிருக்கலாம், அடுத்தது முழு ஹார்ட் பிளாக். இசிஜி எடுத்து ஃபைலில் சொருகி வைப்பதும் அளந்து எழுதுவதும் ஒன்றல்ல.

கட்டி உடைந்து துணுக்கு எங்கும் போகலாம். வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு கால் மட்டும் சில்லிட்டு வலிப்பது, இடது விலா அடியில் திடீர் வலி, சிவந்த சிறுநீர் ஆகியவை ஹேண்ட்ஓவரில் தினமும் கேட்க வேண்டியவை. பக்கவாதம் என்று ஸ்ட்ரோக் டீமைக் கூப்பிடும்போது, ‘இவருக்கு எண்டோகார்டைட்டிஸ்’ என்பதுதான் நீங்கள் சொல்லும் முதல் வார்த்தையாக இருக்க வேண்டும். வழக்கமாகக் கொடுக்கும் ரத்தக்கட்டு கரைக்கும் ஊசி இவருக்கு மூளையில் ரத்தக்கசிவைக் கொண்டுவரக்கூடும், அதனால் கொடுப்பதில்லை. வால்வு ஆபரேஷனுக்குத் திருவனந்தபுரம் அனுப்புகிறார்கள் என்றால் கல்ச்சர் ரிப்போர்ட், எல்லா நாள் இசிஜி நகல், கடைசி டோஸ் போன நேரம் மூன்றையும் கையோடு கொடுங்கள். அங்கே இருப்பவர்களுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாமல் இருக்கலாம், குறிப்பை ஆங்கிலத்திலேயே எழுதிவிடுவது நல்லது.

அடுத்து பெரிகார்டைட்டிஸ், இதயத்தைச் சுற்றிய உறையின் அழற்சி. கூட வந்தவர், “சிஸ்டர், இவரு படுக்கவே மாட்டேங்காரு, வாயு பிடிச்சிருக்கு” என்பார். அந்த வார்த்தையிலேயே நோய் இருக்கிறது. மல்லாந்து படுத்தால், மூச்சை இழுத்தால் குத்தும். நிமிர்ந்து முன்னால் சாய்ந்தால் குறையும். கட்டாயப்படுத்திப் படுக்க வைக்காதீர்கள். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, சாப்பாட்டு மேசையை முன்னால் இழுத்து அதில் இரண்டு தலையணை வையுங்கள், கையைப் போட்டுச் சாய்ந்துகொள்வார். பாதி வலி அதிலேயே அடங்கும். மீதிக்கு ஐபுப்ரோஃபென் 600 மில்லிகிராம் எட்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, அல்லது அதிக அளவு ஆஸ்பிரின், எப்போதும் சாப்பாட்டுக்குப் பிறகு, வயிற்றுக்கு மாத்திரையோடு. கூடவே கால்சிசின் 0.5 மில்லிகிராம், 70 கிலோவுக்குக் கீழே தினம் ஒன்று, மேலே இரண்டு, மூன்று மாதம். வலி போனதும் நோயாளிகள் முதலில் நிறுத்துவது இதைத்தான், நோய் திரும்பி வராமல் காப்பதும் இதுதான். வயிற்றுப்போக்கு வந்தால் தானாக நிறுத்தாமல் வந்து சொல்லச் சொல்லுங்கள். கிளாரித்ரோமைசின் யாராவது எழுதிக் கொடுத்தால் உடனே தெரிவிக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால் கால்சிசின் உடலில் நஞ்சாக ஏறும்.

உரசல் சத்தம் கேட்க, முன்னால் சாய வைத்து, மூச்சை விட்டுவிட்டுப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மார்பெலும்பின் இடது கீழ் ஓரத்தில் ஸ்டெதஸ்கோப்பின் தட்டையான பக்கத்தை அழுத்தி வையுங்கள். மூச்சைப் பிடித்தும் சத்தம் தொடர்ந்தால் அது இதய உறையிலிருந்து வருவது, நின்றுபோனால் நுரையீரல் உறையிலிருந்து. நேற்று கேட்ட சத்தம் இன்று கேட்கவில்லை என்றால் குணமாகிறது என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். உறைக்குள் நீர் சேர்ந்து இரண்டு பரப்பையும் பிரித்திருக்கலாம்.

நீர் சேர்ந்து இதயத்தை அழுத்துவதுதான் டாம்பனாட். நம் நாட்டில் காசநோயால் வரும் நீர்க்கோர்ப்பில் இதை எப்போதும் எதிர்பார்க்க வேண்டும். கழுத்து நரம்பு புடைப்பு, இறங்கும் பிரஷர், மங்கிய இதய ஒலி மூன்றும் சேர்ந்து தெரியும்போது ஏற்கெனவே தாமதம். அதற்கு முன்பே சொல்லக்கூடியது பல்சஸ் பாரடாக்சஸ், அதாவது மூச்சை இழுக்கும்போது மேல் பிரஷர் அளவுக்கு மீறி இறங்குவது. தானியங்கி மெஷினில் இது தெரியாது, கையால் ஊதும் கருவி வேண்டும். நோயாளி சாதாரணமாக மூச்சு விடட்டும், ஆழமாக வேண்டாம். சிஸ்டாலிக்குக்கு 20 மேலே ஏற்றி, மிக மெதுவாக இறக்குங்கள். முதலில் மூச்சை விடும்போது மட்டும் துடிப்பு கேட்கும், இழுக்கும்போது மறையும். அந்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள், 108 என்று வைத்துக்கொள்வோம். இன்னும் இறக்கினால் இழுக்கும்போதும் விடும்போதும் எல்லாத் துடிப்பும் கேட்கும் இடம் வரும், 90 என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 18. பத்துக்கு மேல் போனாலே டாக்டரைக் கூப்பிட வேண்டும். ஒழுங்கற்ற துடிப்பு உள்ளவரிடமும் பிரஷர் மிகவும் இறங்கியவரிடமும் இந்த அளவை நம்ப முடியாது, அவர்களிடம் நாடி வேகம், சிறுநீர் அளவு, மேல் பிரஷருக்கும் கீழ் பிரஷருக்கும் உள்ள இடைவெளி குறைவது ஆகியவற்றைப் பாருங்கள். மூச்சுத்திணறலைக் கண்டு வழக்கம்போல ஃப்ரூஸிமைடோ (சிறுநீரைக் கூட்டும் மருந்து) நைட்ரேட்டோ (ரத்தக்குழாயை விரிக்கும் மருந்து) எடுத்து வைத்துவிடாதீர்கள். அழுத்தப்பட்ட இதயத்துக்குத் திரும்பி வரும் ரத்தத்தை இரண்டும் குறைத்துவிடும். நோயாளி உட்கார்ந்தே இருக்கட்டும், பெரிய கேனுலா, எக்கோ, நீர் எடுக்கும் டிரே தயார்.

டிரெய்ன் (நீரை வடிக்கும் குழாய்) போட்ட பிறகு ஷிப்டுக்கு ஷிப்ட் அளவும் நிறமும் எழுத வேண்டும். நன்றாக வந்துகொண்டிருந்தது சட்டென்று நின்றால், நீர் தீர்ந்துவிட்டது என்று முடிவு கட்டுவதற்கு முன் குழாய் மடங்கியிருக்கிறதா, கிளாம்ப் மூடியிருக்கிறதா என்று பாருங்கள். அடைத்த டிரெய்னோடு டாம்பனாட் மறுபடி வரும். 24 மணி நேரத்தில் 25, 30 மில்லிக்குக் கீழே வந்தால் எடுப்பதைப் பற்றி டாக்டர் யோசிப்பார்.

மூன்றாவது மயோகார்டைட்டிஸ், இதில் இதயத்தின் தசையே புண்பட்டிருக்கிறது. இங்கே கவனிக்க வேண்டியது காய்ச்சலுக்குப் பொருந்தாத நாடி. ஒரு டிகிரி செல்சியஸ் ஏறினால் நாடி சுமார் 10 கூடும். 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டில் பெரியவர் ஒருவருக்கு 140 ஓடுகிறது என்றால் அது காய்ச்சலின் கணக்கு இல்லை. குழந்தைகள் நெஞ்சைத் தொட்டுக் காட்ட மாட்டார்கள், வாந்தி, வயிற்றுவலி என்று வருவார்கள், நீர்ச்சத்துக் குறைவு என்று டிரிப்பை வேகமாக ஓட்டிவிடுவோம். பாட்டில் ஓட ஓட மூச்சு வேகம் கூடுகிறதா, கல்லீரல் விரல் கணக்கில் கீழே இறங்குகிறதா என்று பாருங்கள். கூடினால் டிரிப்பை நிறுத்திவிட்டுக் கூப்பிடுங்கள். டெங்குவிலும் இதே பொறி உண்டு: பிரஷர் இறங்குவது பிளாஸ்மா கசிவாலா, இதயம் தளர்ந்ததாலா என்று தெரியாமல் நீரை ஏற்றினால் நுரையீரல் நிரம்பும்.

மாவட்டத்தின் ரப்பர் தோட்டங்களிலிருந்து, பேச்சிப்பாறை, குலசேகரம் பக்கமிருந்து காய்ச்சலோடு வருபவரைத் துடைத்துவிடும்போது அக்குள், தொடை இடுக்கு, மார்பகத்தின் அடி, காதின் பின்புறம் எல்லாம் பாருங்கள். வலிக்காத, கருத்த பொருக்கு ஒன்று இருந்தால் ஸ்க்ரப் டைஃபஸ் (சிறு உண்ணி கடித்து வரும் காய்ச்சல்), அதுவும் இதயத் தசையைத் தாக்கும். வலியில்லாததால் நோயாளிக்கே அது இருப்பது தெரியாது. டாக்ஸிசைக்ளினை ஒரு டம்ளர் தண்ணீரோடு, உட்கார்ந்தபடி கொடுங்கள். படுத்துக்கொண்டு விழுங்கினால் உணவுக்குழாய் புண்ணாகும், பாலோடு கொடுத்தால் சரியாகச் சேராது.

தினமும் காலையில் சிறுநீர் கழித்த பிறகு, அதே எடைமெஷினில், அதே உடையில் எடை. பெரிகார்டைட்டிஸுக்குக் கொடுக்கிற ஐபுப்ரோஃபெனை இங்கே வலிக்கு என்று கேட்காமல் கொடுக்கக் கூடாது, பாராசிட்டமால் போதும். உப்பு விஷயத்தில் ‘குறைத்துக்கொள்ளுங்கள்’ என்று பொதுவாகச் சொல்வதால் ஒன்றும் ஆகாது. கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ளும் கருவாடு, பப்படம், ஊறுகாய் என்று பெயர் சொல்லி விலக்க வேண்டும். மரச்சீனியை (மரவள்ளிக் கிழங்கு) உப்புப் போடாமல் அவித்து, புது மீன் கறியோடு சாப்பிடலாம் என்று மாற்றும் சொல்லுங்கள். மூன்று முதல் ஆறு மாதம் கடின உழைப்பு கூடாது. ரப்பர் பால் வெட்டுகிறவருக்கு அது விடியுமுன் மேட்டில் ஏறி இறங்குவது, கடலுக்குப் போகிறவருக்கு வலை இழுப்பது. உடம்பு தேறிவிட்டது போலத் தோன்றினாலும் வடுப்பட்ட தசையில் ஓட்டம் கூடும்போதுதான் துடிப்பு தாறுமாறாகும்.

கடைசியாக ருமாட்டிக் இதய நோய்க்கான பென்சத்தீன் பெனிசிலின், ருமாட்டிக் காய்ச்சல் மறுபடி வராமல் தடுக்க 21 நாளுக்கு ஒருமுறை போடும் ஊசி. பெரியவர்களுக்கு 12 லட்சம் யூனிட், 27 கிலோவுக்குக் குறைந்த குழந்தைக்கு 6 லட்சம். 21 நாள் என்பது சரியாக மூன்று வாரம், முதல் ஊசி வியாழன் என்றால் எல்லா ஊசியும் வியாழன்தான். வீட்டு நாள்காட்டியில் ஒரு வருடத்துக்கும் சேர்த்து அம்மாவையே வட்டம் போடச் சொல்லுங்கள். வால்வு கெட்டிருந்தால் குறைந்தது பத்து வருடம் அல்லது 40 வயது வரை, எது அதிகமோ அது.

போடும்போது நோயாளி சாப்பிட்டிருக்க வேண்டும், படுத்திருக்க வேண்டும். வால்வு மிகவும் கெட்டவர்கள் ஊசியின் வலியிலும் பயத்திலும் நாடி இறங்கி மயங்கிச் சரிவதுண்டு, அது பெனிசிலின் அலர்ஜி இல்லை, ஆனால் உயிருக்கே ஆபத்தாகலாம். அப்படிப்பட்டவருக்கு மாத்திரையாக மாற்றலாமா என்று டாக்டரிடம் கேட்பது நம் வேலை. அட்ரினலினும் சிரிஞ்சும் மேசையில் இருக்காமல் ஊசியைத் தொடாதீர்கள்: பெரியவர்களுக்கு 0.5 மில்லி, தொடையின் நடு வெளிப்பக்கத் தசையில். மயக்கம் வந்தால் நாடியைப் பிடியுங்கள். வெளுத்து, நாடி மெதுவானால் பயமயக்கம். தடிப்பு, இழுப்பு, வேகமான நாடி என்றால் அலர்ஜி. சந்தேகமாக இருந்தால் அட்ரினலின்.

மருந்து கலக்கியவுடன் போட வேண்டும், வைத்தால் அடியில் படியும். 21 கேஜ் ஊசி, மருந்தை உறிஞ்சிய பிறகு புது ஊசி மாற்றுங்கள். குப்பியை உள்ளங்கையில் உருட்டிச் சூடாக்குங்கள், போடும் இடத்தைக் கட்டைவிரலால் பத்து விநாடி அழுத்துங்கள், இரண்டும் வலியைக் குறைக்கும். இடுப்பின் பக்கவாட்டில் அல்லது பிட்டத்தின் மேல் வெளிக் கால்பகுதியில், பின்னால் இழுத்து ரத்தம் வரவில்லை என்று பார்த்த பிறகே செலுத்துங்கள், இந்த மருந்து ரத்தக்குழாய்க்குள் போனால் இதயம் நின்றுபோகலாம். இரண்டு மூன்று நிமிடம், ஒரே சீராக. நடுவில் நிறுத்தினால் ஊசி அடைத்துக்கொள்ளும், மறுபடி குத்த வேண்டியிருக்கும், அடுத்த முறை அந்தப் பிள்ளை வராது. முடிந்ததும் அரைமணி நேரம் உட்காரட்டும்.

தூத்தூர், வள்ளவிளை பக்கத்து ஆழ்கடல் மீனவர்களுக்குத்தான் இந்த 21 நாள் கணக்கு இடிக்கும். படகு ஒரு மாதத்துக்கு மேலும் கடலில் நிற்கும். ‘வரும்போது போட்டுக்கொள்ளுங்கள்’ என்று அனுப்பினால் ஒவ்வொரு தடவையும் பாதுகாப்பில்லாத நாட்கள் விழும். புறப்படும் தேதியை முன்கூட்டியே கேட்டு, கிளம்பும் அன்றோ முந்திய நாளோ ஊசி போடுங்கள். 21-ஆம் நாளிலிருந்து கரை திரும்பும் வரை பெனிசிலின்-வி 250 மில்லிகிராம், காலை ஒன்று இரவு ஒன்று, டாக்டர் எழுதித் தரச் செய்து, ஈரம் படாத டப்பாவில் போட்டு, போகிற நாளைவிடப் பத்து நாளுக்கு அதிகமாகவே கொடுத்துவிடுங்கள். கூடப் போகிற ஒருவருக்கும் மாத்திரை விஷயம் தெரிந்திருக்கட்டும். கரை வந்ததும் நேராக வந்து ஊசி. தாமதமானது என்று இரட்டை டோஸ் கிடையாது, ஒரு டோஸ் போட்டு, அன்றிலிருந்து புதிதாக 21 எண்ணினால் போதும்.